துருத்தண்ணியும் மகர ஒற்றும்

காயாவிளை மூன்றாம் தெருவிலிருந்து ஒரு மெய்யெழுத்து வீட்டை விட்டுப் போன கதையைச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பால் பாக்கெட்டிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் அதை முதலில் பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சத்தியநேசன், அவர் அன்று காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்து, தினமும் செய்கிறபடி தன் வீட்டின் பெயரைத் தானே ஒருமுறை வாசித்துப் பெருமைப்பட்டுக்கொள்வதற்காக மதில்சுவரைப் பார்த்தபோது, வீடு கட்டிய நாளிலிருந்து 'அறிவு இல்லம்' என்று இருந்த ஓடு 'அறிவு இல்ல' என்று இருந்தது.

அவர் அதிர்ச்சி அடையவில்லை. காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவருக்கு ஒற்று விடுபடுவது புதிய செய்தி அல்ல. சிவப்புப் பேனாவை எடுக்கக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். பனியனில் பை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார். 'அன்பு இல்லம்' என்று இருந்தது 'அன்பு இல்ல' என்று ஆகியிருந்தது. எதிர்வீட்டு 'அமைதி இல்லம்' 'அமைதி இல்ல' என்று ஆகியிருந்தது, அந்த வீட்டுக்குள்ளிருந்து அந்நேரம் வந்துகொண்டிருந்த சத்தத்தை வைத்துப் பார்த்தால் அதில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கடுத்தது 'கருணை இல்ல'. தெருமுனையில் திருச்சபை நடத்துகிற பெரிய கட்டடம் 'முதியோர் இல்ல' என்று நின்றது, அதன் வாசலில் முதியோர் ஒன்பது பேர் பல் குச்சியோடு நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் தெரு முழுவதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால்துறைக்காரர்களும் கட்டிய வீடுகள். ஒருவர் இல்லம் என்று வைக்க, அடுத்தவர் அதைவிட நல்ல குணம் ஒன்றைத் தேடிப்பிடித்து அவரும் இல்லம் என்று வைத்து, தெருவுக்குள் நடந்துபோனால் நீதிபோதனை வகுப்பில் நடந்துபோகிற மாதிரி இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மொழியில் இல் என்றால் வீடு; இல் என்றால் இல்லை. வீட்டுக்கும் இல்லாமைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காவல் காக்கிற வேலையை ஒரு மகர ஒற்றின் தலையில் கட்டிவிட்டு, மொழி தன் பாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் காவல்காரன் அன்று காலை வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

ஸ்டீல் பலகையில் ம் போகவில்லை. கிரானைட்டில் போகவில்லை. சுட்ட ஓட்டில் மட்டும் போயிருந்தது, அந்த ஓடுகள் எல்லாவற்றையும் செய்தவள் புஷ்பகாந்தி.

புஷ்பகாந்தியின் வீடும் பட்டறையும் ஊருக்குத் தெற்கே, தேரி என்று சொல்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில், ஒரே கூரையின் கீழ் இருந்தன. மின்சாரச் சூளை, அதனால் புகை கிடையாது, மின்வெட்டு உண்டு. வெளிர்நிறக் களிமண்ணைப் பலகையாகத் தட்டி, பாதி உலர்ந்ததும் எழுத்தைக் குடைந்து, ஒருமுறை சுட்டு எடுத்து, இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கலக்கி மேலே தடவி, உடனே ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவாள். மேடெல்லாம் வெளுத்துவிடும், பள்ளத்தில் மட்டும் சிவப்புத் தங்கும், எழுத்துத் தெரியும், திரும்பவும் சுட வேண்டும். அவள் பயிற்சிக்குப் போன இடத்தில் இதற்கு ஆக்சைடு வாஷ் என்று பெயர் சொன்னார்கள். வாஷ் என்றால் கழுவுவது என்று நம்பி, கொடுத்த ஓட்டை முதல் நாளே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றவள் அவள். உண்மையில் அது கழுவுவதற்கு நேர் எதிரான காரியம், நன்றாக இருப்பதை அழுக்காக்கிப் பாதியைத் துடைப்பது. காயாவிளை அந்த வழக்குக்குள் போகாமல் துருத்தண்ணி என்று சொல்லிக்கொண்டது, அதுவே சரியான பெயர்.

துருத்தண்ணிக்கு வருகிற கோளாறுகள் அவளுக்கு அத்துப்படி. குறைந்த சூட்டில் ஆக்சைடு தானாக உருகாது; மண்ணோடு ஒட்டாமல், கிளம்பும் நேரம் பார்த்திருக்கும் விருந்தாளி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், விரல் பட்டால் விரலோடு போய்விடும்; பிடித்துவைக்க ஃபிரிட் என்கிற கண்ணாடித்தூளைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று பேசப்போனால் எல்லாம் அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். கனமாகப் பூசினால் கறுத்துத் தோசைக்கல் மாதிரி மினுங்கும். ஓட்டை நனைக்காமல் பூசினால் அது ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திட்டுத்திட்டாக நிற்கும். இவற்றில் எது வந்தாலும் அவள் பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலைப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள்.

சத்தியநேசன் வீட்டு ஓட்டையும் அப்படித்தான் தேய்த்தாள். விரலில் ஒன்றும் வரவில்லை.

"காந்தி, ஒந்துருத்தண்ணி என்னையத் தெருவுல நிறுத்திட்டு," என்றார் அவர்.

"சார், தூளாப் போயிருந்தா எல்லா எழுத்தும் போயிருக்கணும். மத்தது அசையல பாருங்க."

"ம் மட்டும் ஏன் போச்சு?"

"போன மாதிரியே இல்ல சார். பூசவே பூசாத மாதிரி இருக்கு."

"பூசாமலா இத்தன வருஷம் வாசிச்சேன்?"

"இத்தன வருஷம்தான் தப்பா எழுதியிருந்துச்சு," என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு. தொடாத, காந்தி."

தொடாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஓட்டைக் கழற்றிக்கொண்டு போய் ஃபிரிட்டைக் கூட்டினாள். ம் மட்டும் பளபளவென்று நின்றது, கொண்டுவந்து மாட்டினாள், மறுநாள் பால் வந்தபோது ம் இல்லை. ம்மை மட்டும் ஆழமாகக் குடைந்தாள். பால் வந்தபோது இல்லை. சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், இரும்புக்குப் பதில் தாமிரம் போட்டுப் பார்த்தாள், சல்லடையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், தேரி மணலையே அரைத்து நிறமாக்கிப் பார்த்தாள். மரம், பழம், பணம், சுகம் என்று ம்மில் முடிகிற சொற்களாகச் சோதனை ஓடுகள் செய்து தெருவில் மாட்டினாள். அந்த ம்கள் எல்லாம் அசையாமல் நின்றன. கடைசியில் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று 'இல்லம்ம்' என்று இரண்டு போட்டு மாட்டினாள். பால் வந்தது. இரண்டும் சேர்ந்து போயிருந்தன. பட்டறைக்குள் இருக்கிறவரை போகாது, வாசலில் மாட்டினால் பால் வரும்வரை இருக்கும், பால் வந்ததும் போய்விடும். இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊர் இதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. முதலில் ஸ்டிக்கர் கடை மொய்தீன் நல்ல பசையுள்ள சிவப்பு ம் ஸ்டிக்கர்களை வெட்டி, வேண்டியவர்களுக்கு ஒட்டிக் கொடுத்தார். அவையும் பாலோடு போயின, மொய்தீன் வருத்தப்படவில்லை, தினமும் வேலை இருந்தது. முதியோர் இல்லத்தில் தலையெண்ண வந்த அதிகாரி வாசலிலேயே பலகையை வாசித்துவிட்டு, இல்லாதவர்களை எண்ண என்ன இருக்கிறது என்று திரும்பிப் போக, வார்டனுக்கு முன்னால் முதியோர்கள் ஊன்றுகோலோடு அவரை விரட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை போய், தாங்கள் இருப்பதை அவருக்கு மூச்சிரைக்க நிரூபித்தார்கள். கல்யாணப் பேச்சுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் 'அன்பு இல்ல' என்பதை வாசித்துவிட்டு, மறைக்காமல் சொல்கிற குடும்பம் என்று சம்மதித்துவிட்டுப் போனார்கள். ஊராட்சி கூடியது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாயால் ம் சேர்த்தே வாசிக்க வேண்டும், விருந்தாளிகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தலைவி பேச்சித்தாய் தீர்மானம் கொண்டுவந்தார்.

அந்தக் கூட்டத்தில் சத்தியநேசன் எழுந்து, இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, மகர ஈறு கெடுவது இலக்கணத்தில் உள்ளதுதான் என்றார்.

"மரம், வேர். சேத்துச் சொல்லுங்க. மரவேர். ம் எங்க போச்சு? பின்னால ஒரு சொல் வந்துச்சு, இது வழிவிட்டுச்சு. அதே மாதிரி, இங்க ம் போயிருக்குன்னா பின்னால ஏதோ ஒரு சொல் வரப்போகுதுன்னு அர்த்தம்."

"என்ன சொல்லு சார் வரும்?" என்று கேட்டார் பேச்சித்தாய்.

"அது வந்தாத்தான் தெரியும்."

"எங்க வீட்டுக்கு நல்ல சொல்லா வரச் சொல்லுங்க," என்றார் கருணை இல்லத்துக்காரர்.

சொல் எதுவும் வரவில்லை. ஆனால் போன ம்கள் எங்கே போயின என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. டீக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சி, கடையில் ஆளில்லாத மத்தியானத்தில், வழக்கம்போல் பாய்லரிடம் தன் முட்டுவலியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காதுக்குப் பக்கத்தில் யாரோ "ம்" என்றார்கள். திரும்பிப் பார்த்தார், ஒருவரும் இல்லை. "ராத்திரியானா கூடுது," என்றார். "ம்." "தைலம் தேச்சா கொஞ்சம் கேக்கு." "ம்." அன்றைக்கு அவர் முட்டுவலியில் ஆரம்பித்து, தம்பி நிலத்தை மடக்கியது, தான் ஒரு காலத்தில் நாடகத்தில் ராணி வேஷம் கட்டியது வரை சொல்லி முடித்தபோது டீ முழுவதும் வற்றியிருந்தது. புருஷன் வளைகுடாவில் இருக்கிற லில்லி, மாமியார் சொன்னதையெல்லாம் துவைக்கிற கல்லிடம் சொல்லி அடிக்கும்போது கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து "ம்" கேட்டாள். பேச ஆளில்லாத வீடுகளிலும், பேசினால் காதுகொடுக்காத வீடுகளிலும், பேச்சு எங்கே அந்தரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு ம் வந்து அதைத் தாங்கிக்கொண்டது. எது எந்த வீட்டு ம் என்றுகூட ஊர் கண்டுபிடித்துவிட்டது; அமைதி இல்லத்து ம் கொஞ்சம் சத்தமாக வரும், அறிவு இல்லத்து ம்மில் லேசான சந்தேகம் தொனிக்கும் என்றார்கள். பிறகு ஒருவரும் தங்கள் ஓட்டைச் சரிசெய்யச் சொல்லிப் புஷ்பகாந்தியிடம் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், தங்களுக்கும் ஒரு 'இல்ல' வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

வந்து சண்டை போட்டவள் ஒருத்திதான். அவள் புஷ்பகாந்தியின் அக்கா ஜெயசீலி.

ஜெயசீலி மூன்றாம் தெருவின் கடைசியில் புதுவீடு கட்டி முடித்திருந்தாள். இத்தனை காலமும் இளைய மகளோடு பட்டறை வீட்டில் இருந்த அம்மா ஞானப்பூவைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காகவே தரைத்தளத்தில் படியில்லாமல் ஓர் அறையும், கைப்பிடி வைத்த குளியலறையும், ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கையும் ஏற்பாடு செய்து, வீட்டுக்குத் 'தாய் இல்லம்' என்று பெயரும் வைத்திருந்தாள். ம் போனால் அது என்னவாகும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அம்மா உயிரோடு, அதுவும் நல்ல குரலோடு, இருந்தாள்.

"எக்கா, பேர மாத்துவோம்," என்றாள் புஷ்பகாந்தி, பஞ்சைப் பிழிந்தபடி. "தாய் வீடுன்னு வைப்போம். வீடுங்கிற சொல்லுல ஓடிப்போறதுக்கு எழுத்தே கெடையாது."

"கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு. போதகரு வாரேன்னுட்டாரு. பேர மாத்துனா, நான் சொன்ன பேரத்தான வெச்சான்னு சாவுறவரைக்கும் சொல்லுவ."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவட்டி. ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஸ்டீல்ல செஞ்சுக்க. ஸ்டீல்ல போக மாட்டங்கு."

ஜெயசீலி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். புதுச்சேலையில் துருத்தண்ணி பட்டதைக் கவனிக்கவில்லை. "ஒங்கையால செய்யணும்," என்றாள். "அம்மா என்ன சொல்லியிருக்கா? ரெண்டு பேரும் ஒரே மனசாக் கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொல்லியிருக்கா. நான் கூப்பிட்டாச்சு. நீ இன்னும் வாயத் தொறக்கல. அன்னைக்கு நான் கேட்டப்ப மீன வெட்டிட்டே இருந்த. சரி, வாயால சொல்லாட்டாப் போகுது, கையாலயாவது சொல்லு. ஒன் ஓட்டுல ம் நின்னா நீயும் சம்மதம்னு அம்மா எடுத்துக்கிடுவா."

"ஊர்ல எல்லா வீட்டுலயும் போகுதுக்கா."

"ஊர்ல எல்லா வீட்டுலயும் போறது துருத்தண்ணி. என் வீட்டுல போச்சுன்னா அது நீ. அதுக்குப் பெறகு நான் ஒன் வாசல்ல மிதிக்க மாட்டேன், நீ என் வாசல்ல மிதிக்கவும் வேண்டாம்."

மூலையில் அவித்த பனங்கிழங்குக்கு நார் உரித்துக்கொண்டிருந்த ஞானப்பூ நிமிரவில்லை. "என்னைய நடுவுல வெச்சு வடம் இழுக்காதிய. கெழங்கு வேணுமா, வேண்டாமா?"

இருவரும் வேண்டாம் என்றார்கள். ஒரே மனதாக அவர்கள் சொன்ன சொல் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

அக்கா போன பிறகு புஷ்பகாந்தி வேலை செய்யாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் போகிற எழுத்துக்கு அவள் பொறுப்பல்ல. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அக்கா கேட்ட அன்று அவள் மீனைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள் என்பதும், வெட்டுவதற்கு மீன் முடிந்த பிறகும் பலகையை வெட்டிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியும். அம்மா போய்விட்டால், களிமண் காலோடு அடுப்படிக்கு வராதே என்று கத்துவதற்கு ஆள் இருக்காது. களிமண் காலோடு அடுப்படிக்குப் போய்ப் பிரயோஜனமும் இருக்காது. ஓட்டைத் துடைக்கும்போது கடைசி எழுத்துக்கு வருகையில் பஞ்சு கொஞ்சம் கூடுதலாக அழுந்துகிறதா? மற்ற வீடுகளில் தானாகப் போகிற எழுத்தை இந்த வீட்டில் மட்டும் அவள் வழியனுப்பி வைக்கப் போகிறாளா? ஆக்சைடுக்கு என்ன கோளாறு என்று பெருவிரலால் தேய்த்துப் பார்க்கலாம். இதை எதால் தேய்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் அவள் தொழில்காரி; வேறு வழி கண்டுபிடித்தாள். பால் வரும்போதுதானே போகிறது? போதகர் வந்து ஜெபித்துக் குடிபுகுகிற பிரதிஷ்டை அன்று, விடியற்காலைப் பால் தெருவுக்கு வந்து போன பிறகு ஓட்டை மாட்டினால், மறுநாள் பால் வரும்வரை ம் நிற்கும். அதற்குள் அம்மா இறங்கி உள்ளே போய்விடுவாள். இறங்கிய தாயை மறுநாள் எந்த எழுத்தும் வெளியே அனுப்ப முடியாது.

இப்படித் திட்டம் போட்ட பிறகு கை லேசாகிவிட்டது. ஓட்டை நனைத்து, கலவையைக் கலக்கிக்கொண்டே பூசி, ஃபிரிட்டை ஒரு பங்கு கூட்டி, ம்மை ஒரு குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரித் துடைத்தாள். சூளையிலிருந்து எடுத்தபோது அது அவள் செய்த ஓடுகளிலேயே நல்ல ஓடாக இருந்தது. பிரதிஷ்டை அன்று பால்காரரின் சைக்கிள் மணி தெருவைக் கடந்து மறையும்வரை முக்கில் நின்று, பிறகு போய் மாட்டினாள். பெருவிரலால் தேய்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது, ம் இருந்தது. மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டு, அம்மாவைக் கூட்டிவர ஆட்டோக்காரர் குருசை அனுப்பினாள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அதை அந்தத் தெருவில் வேறு எவரும்கூட யோசித்திருக்க மாட்டார்கள், அவ்வளவு கண்ணுக்கு முன்னால் இருந்தது. புதுவீட்டில் போதகர் ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் பால் காய்ச்சுவார்கள். பொங்கி வழிய வேண்டும் என்பதற்காக ஜெயசீலி பாக்கெட்டை நம்பாமல், மாட்டுக்காரரிடம் ஒரு கேன் நிறையச் சொல்லியிருந்தாள். புஷ்பகாந்தி பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கேன், ஒரு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, துணி போட்ட ஓட்டுக்கு நேர் கீழே வாசலைத் தாண்டி உள்ளே போனது.

ஆட்டோ வந்து நின்றது. மூன்றாம் தெருவும் முதியோர் இல்லமும் டீக்கடையும் கூடியிருந்தன. போதகர் தொண்டையைச் செருமினார். ஜெயசீலி துணியை இழுத்தாள்.

தாய் இல்ல.

ஊராட்சித் தீர்மானத்தின்படி ம் சேர்த்து வாசிக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஞானப்பூ ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, நிதானமாக, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு முன்னால் குனிந்தாள். "குருசு, நான் உயிரோடதான இருக்கேன்?"

"இருக்கிய பெரியம்மா."

"அப்ப இது வேற யாரு வீடோ. வண்டியத் திருப்பு."

ஜெயசீலி தங்கைமேல் திரும்பினாள். "சொன்னேன்லா? அன்னைக்கே சொன்னேன்லா நான்?"

"எக்கா, பாலு... கேன்ல பால் வந்துச்சுல்லா, அந்த நேரம்... இல்லன்னா போயிருக்காதுக்கா, ஃபிரிட்டு ஒரு பங்கு கூட்டித்தான் போட்டேன், நனைச்சுத்தான் பூசினேன், சூடும் நின்னு வாங்கியிருக்கு, நீயே தேச்சுப் பாரு..." சொல்லிக்கொண்டே போனவள், அக்கா தன்னைத் திட்டவில்லை என்பதைக் கவனித்து நிறுத்தினாள். ஜெயசீலியின் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. கைப்பிடி வைத்த குளியலறையும் முருங்கையும் அவள் பின்னால் நின்றன.

ஜெயசீலி ஆட்டோவுக்குப் போனாள். அத்தனை பேர் பார்க்க, புதுச்சேலை மண்ணில் புரள, குனிந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, எறங்கும்மா. எந்தாயில்ல. எந்தாயில்ல, எறங்கு."

கூட்டம் அவளைப் பார்த்தது, ஓட்டைப் பார்த்தது, திரும்பவும் அவளைப் பார்த்தது. சத்தியநேசன் சார் இதற்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று அங்கேயே நின்று யோசிக்கத் தொடங்கினார், இன்றுவரை யோசிக்கிறார். ஆனால் அந்த ஊரில் பேசத் தெரிந்த எவருக்கும், 'இல்ல' மறுப்பதற்கு மட்டும் உள்ள சொல் அல்ல என்பது தெரியும். சோற்றுக்கு வாய் திறக்காத பிள்ளையை எங்கண்ணுல்ல என்றும், கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறவரை எந்தங்கமில்ல என்றும் கெஞ்சும்போது, இல்லை என்கிற அதே சொல்தான் நீதானே என்று கட்டிப்பிடிக்கிறது. ஓட்டில் எழுத்து ஒன்றும் மாறவில்லை. மொய்தீன் உதடு அசைய அதை இரண்டாவது விதமாக வாசித்துப் பார்த்தார். லில்லியும் வாசித்தாள்.

ஞானப்பூ இறங்கவில்லை. பெரியவளின் தலைக்கு மேலாகச் சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பகாந்தி ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றால் போதும். குருசு வண்டியைத் திருப்புவார், மத்தியானச் சோற்றுக்கு அம்மா பட்டறை வீட்டில் இருப்பாள், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, குறை துருத்தண்ணிமேல் போகும். நாற்காலியின் முதுகில் அவள் பெருவிரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் நாற்காலியை விட்டுவிட்டு, ஆட்டோவின் மறுபக்கமாகச் சுற்றிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பாக இருந்தது.

"எம்மா," என்றாள். "அக்கா கூப்பிடுதா. நானும் கூப்பிடுதேன். எறங்கு, எந்தாயில்ல."

ஞானப்பூ இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ம்," என்று சொல்லிக் காலைக் கீழே வைத்தாள்.